அறுபத்தெட்டுப் பாகை

அவனுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. விசுவமடுச் சந்தியில் மூன்று வருடம் அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துப் போய்விட்டது. என் கராஜுக்குள், என் கதிரையில் இருந்து, நான் வாங்கிக் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு, "இதை அவனிட்டைக் காட்டினனீங்களோ?" என்று என்னையே கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு ஒரு கூச்சமும் இருக்காது. ஆகவே இங்கே அவன் வெறும் 'அவன்'. அந்தளவு உரிமையாவது எனக்கு இருக்கட்டும்.

அவனை நினைத்தால் முதலில் வருவது அவனுடைய இடக்கை. எந்த வாகனம் வந்தாலும் பொனட்டைத் திறந்து, அந்தப் புறங்கையை எஞ்சின்மேல் தொட்டும் தொடாமலும் வைப்பான், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. சூடாக இருந்தால் பொனட்டை மெல்ல மூடிவிடுவான்.

"சூடா இருக்குங்க. இப்ப கேட்டா பொய்தான் சொல்லும். ராவைக்கு இங்கயே நிக்கட்டும். இல்லாட்டி காலையில நான் வீட்டுக்கு வர்றேன், அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேணாம்."

வந்த வாகனத்தைத் திருப்பி அனுப்புவதும் ஒரு தொழிலா? இருபது வருடக் கராஜில் நான் ஒருவரையும் வெறுமனே அனுப்பியதில்லை. ஒன்றும் விளங்காவிட்டாலும் பிளக்கைக் கழற்றித் துடைத்தாவது கொடுப்பேன். வந்த மனுசனுக்கு ஏதோ நடந்தது என்ற திருப்தி வேண்டாமா? இவனோ திருப்பி அனுப்புவான், அனுப்பப்பட்டவர்கள் நேரே என்னிடம் வந்து அவனைப் புகழுவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நெல்லு லொறி ஓட்டுகிற ஒருவர் இருந்தார். லொறி காலையில் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதென்று அவனிடம் கொண்டு போனார். அவன் இரண்டு காலை போய்ப் பார்த்துவிட்டு, "தெரியலீங்க, யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டான். லொறிக்காரர் அதை என்னிடம் வந்து சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு.

"பாரும், தெரியாதெண்டு சொல்லுறான் ஐசே! எந்த மெக்கானிக் அப்பிடிச் சொல்லுவான்?"

"தெரியாதெண்டு சொல்லுறதுக்கு என்னத்துக்கு ஒரு கராஜ்? வீட்டில படுத்துக்கொண்டே சொல்லலாமே" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு மூன்றாம் நாளும் அவனிடமே போனார். மூன்றாம் நாள் அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பதையும் நான்தான் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

அவன் மலையகத்து ஆள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் லொறிக் கொட்டகையில் வேலை பழகியவன், எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்து, மாமனார் வீட்டோடு வந்து குடியேறினான். சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, நெல்லு மில்லுக்காரரின் காணியில் நாலு தகரத்தை நிறுத்தி வேலையைத் தொடங்கினான். போர்டுகூட இல்லை. என் கராஜில் தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் கண்ணாடிபோட்டுத் தொங்குகிறது. பக்கத்தில், கடன்பட்டு வாங்கிய ஸ்கானர். வாகனத்தின் கம்பியூட்டரில் அதைக் கொழுவினால் உள்ளே நடப்பதெல்லாம் திரையில் வரும். இந்த வட்டாரத்தில் முதலில் அதை வாங்கியவன் நான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்தவர். அந்தக் காணியில் வரம்பு கட்டியதும் களை பிடுங்கியதும் மலையகத்திலிருந்து வந்த சனங்கள். அவர்கள் படியேறாமல் முற்றத்தில் நின்றே கதைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த முற்றத்திலிருந்து ஒருத்தன் எழும்பி வந்து எனக்கு எஞ்சின் காட்டித் தருவதா என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. வெளியில் சொன்னதில்லை. சொல்லாததால் இல்லாமல் போய்விடுமா?

எல்லாம் முற்றிப் போனது என் மனைவியின் காரால்.

என் மனைவி தாதி. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வேலை. ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அவளிடம் ஒரு பழைய, சின்ன வெள்ளைக் கார். ஒரு மார்கழியில் அதற்கு ஒரு வருத்தம் பிடித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், இரண்டு நிமிசம்கூட நிற்காது. உடம்பெல்லாம் நடுங்கி, செருமிச் செருமி, நின்றுவிடும். மறுபடி திருப்பினால் மறுபடியும் அதே கதை. அக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். எஞ்சின் சூடான பிறகு ஒரு குறையும் கிடையாது, பூனைக்குட்டி மாதிரி இருக்கும்.

நான் விடுவேனா? ஐந்து மணிக்கே எழும்பி, அவள் தேத்தண்ணி வைக்கிற நேரத்தில் காருக்குள் இருந்து, காலால் மிதித்துப் பிடித்து எஞ்சினைச் சூடாக்கி வைப்பேன். அவள் வந்து ஏறியதும் ஒழுங்கைக்குப் போகிற படலைக் கதவைத் திறந்துவிடுவேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது படலை திறப்பது நான்தான். அவள் இறங்கித் திறந்து அறியாள்.

அவள் வேலையில்லாத நாட்களில் காரைக் கராஜுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளக் மாற்றினேன். காற்றுப் போகிற வழியைக் கழுவினேன். பற்றறி மாற்றினேன். ஸ்கானரைக் கொழுவினேன். பிழை ஒன்றுமில்லை என்று காட்டியது. தண்ணிச் சூடு எண்பத்தெட்டு, எல்லாம் சரி. ஆறு கிழமை, நாற்பது நாளுக்கு மேல், போனது. ஒவ்வொரு காலையும் கார் செத்துப் பிழைக்கிற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். மெக்கானிக்கின் வீட்டுக் கார்! முன்கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டே கூப்பிட்டுக் கேட்பார்:

"என்ன தம்பி, இண்டைக்கு எத்தினை தரம் செத்தது?"

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இரவு வேலை முடித்து விடியும்போது ஆஸ்பத்திரி வாசலில் இருந்து வெளிக்கிடுகிற நாட்களில் அவளுக்கு யார் சூடாக்கிக் கொடுப்பது? ஒரு நாள் காவலுக்கு நிற்கிற இரண்டு பேர் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். அதற்கு அடுத்த நாள் வேலையால் வரும்போது அவள் நேரே அவனுடைய தகரக் கொட்டகையில் போய்க் காரை நிறுத்தியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு விடிய ஒருத்தரும் காரைத் தொடவேண்டாமாம். அவர் வாறாராம்."

"எவர்?"

"உங்களுக்குத் தெரியும்."

"என்ர வீட்டுக் காரை நான் தொடக் கூடாதோ?"

"ஆறு கிழமையாத் தொட்டனீங்கள்தானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வார்டில் நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

'அவர்' என்றாள், கவனித்தேன். என்னை விடப் பத்து வயது குறைந்தவனுக்கு அவர்.

அடுத்த நாள் விடிவதற்கு முன்னமே எனக்கு முழிப்பு வந்துவிட்டது. படுத்தபடி ஒரு கெட்ட யோசனை வந்தது. இப்போதே போய்க் காரை ஸ்டார்ட் செய்து ஒரு பத்து நிமிசம் ஓடவிட்டால் போதும். அவன் வந்து கையை வைப்பான், சூடாக இருக்கும், பொனட்டை மூடிவிட்டுப் போய்விடுவான். இன்னொரு நாள் வருவான், அன்றைக்கும் சூடாக இருக்கும். எத்தனை நாள் வருவான்? எழும்பிப் போய் சாவி தொங்குகிற ஆணியைத் தடவிப் பார்த்தேன். ஆணி மட்டும்தான் இருந்தது. திரும்பி வந்தேன். மனைவி கண்ணைத் திறக்காமலே, "என்ர தலைகாணிக்குக் கீழ இருக்கு. படுங்கோ" என்றாள்.

ஐந்தரைக்கு அவன் சைக்கிளில் வந்தான். தலையில் துவாய்த் துண்டு, பனிக்குக் காதை மூடிக் கட்டியிருந்தான். பையில் நட்டுக் கழற்றுகிற சாவிக் கட்டு ஒன்றும் ஒரு டோர்ச்சும், வேறு ஒன்றுமில்லை. முற்றத்துக் குழாயில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். அதுவும் அவனுடைய ஒரு பழக்கம், கழுவிய கையால்தான் மற்றவர்களின் வாகனத்தைத் தொடுவான். அதைப் பார்த்துவிட்டு நானும் என் கராஜில் ஒரு சவர்க்காரக் கட்டி வைத்திருந்தேன். அவனைப் பார்த்துச் செய்தேன் என்று அடித்தாலும் அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

பொனட்டைத் திறந்து கையை வைத்தான். நல்ல குளிர். தலையாட்டினான்.

"அக்கா, காலையில மொதல்ல யாரு ஸ்டார்ட் பண்றது?"

"இவர்தான். சூடாக்கித் தாறவர்."

அவன் என்னைப் பார்த்தான். நக்கல் இருக்குமென்று தேடினேன், இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"அண்ணே, ஒங்க மிசின் வீட்டுல இருக்குங்களா? எங்கிட்ட அது இல்ல."

ஸ்கானரை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைக் கொழுவி, சாவியைப் பாதி மட்டும் திருப்பினான். எஞ்சின் ஓடவில்லை, திரை மட்டும் வெளிச்சமானது. ஒவ்வொரு வரியாக மெல்லப் பார்த்துக்கொண்டு போனான். ஒரு இடத்தில் நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

காற்றின் சூடு இருபத்திரண்டு பாகை. தண்ணியின் சூடு அறுபத்தெட்டுப் பாகை.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியே அண்ணே" என்றான். "இந்தச் சூடு எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கு அந்த நேரமே முழுதும் விளங்கிவிட்டது. ரேடியேட்டர் தண்ணியின் சூட்டை அளக்கிற சென்சர் பொய் சொல்கிறது. இராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற எஞ்சினை, ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்கிறது. அது நம்பி, குளிர்ந்த எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டிய மேலதிக பெற்றோலையும் காற்றையும் கொடுக்காமல் விடுகிறது. பிறகு எஞ்சின் மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்? நான் ஒவ்வொரு தடவையும் ஸ்கானரைக் கொழுவியது சூடான எஞ்சினில். சூடாக இருக்கும்போது சூடு என்று சொல்கிறவனை எப்படிப் பொய்யன் என்று பிடிப்பது? அன்பிலே சூடாக்கிச் சூடாக்கி, காரின் வருத்தத்தை நானேதான் ஒளித்து வைத்திருக்கிறேன். அதுவும் என்னுடைய மெசினிலேயே, என்னுடைய முற்றத்திலேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்க இவன் அதைக் காட்டுகிறான்.

"புதுசு ஒண்ணு வேணும். ஒங்க கராஜ்ல இருக்கும்ல அண்ணே?"

இருந்தது. மேசை லாச்சிக்குள், பெட்டி பிரிக்காமல் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் ஒரு பழந்துணி வாங்கிக்கொண்டு அவன் பழைய சென்சரைக் கழற்றினான். நான் பக்கத்தில் குனிந்து நின்றேன். அதன் முனை வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு படிந்து, அடியில் அரித்துப் போயிருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணி அப்படி. கேத்திலில் ஒரு கிழமை கொதிக்க வைத்தால் உள்ளே வெள்ளைப் பட்டை பிடித்துவிடும். அதனால்தான் வருகிறவர்களுக்கெல்லாம் நான், ரேடியேட்டருக்குக் கடையில் விற்கிற கூலன்ட் தவிர வேறு ஒன்றும் விடக்கூடாது என்று பிரசங்கம் வைப்பது. என் மனைவியின் காருக்கு மட்டும் வாளியில் அள்ளிக் கிணற்றுத் தண்ணி விட்டேன். கை எட்டுகிற தூரத்தில் கிணறு இருந்தது, அவ்வளவுதான் காரணம். இரண்டு வருடம் விட்டேன்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த நேரம் மனைவி தேத்தண்ணிக் கோப்பைகளோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அவன் துணியால் சென்சரை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்து, வெள்ளை உள்ளே போகும்படி துணியை மடித்துக்கொண்டான். சென்சரைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

"என்னவாம்?" என்றாள் அவள்.

"பார்ட்ஸ் பழசாயிருச்சுங்க அக்கா. வயசானா இப்பிடித்தான். யாரு மேலயும் தப்பு இல்ல."

அவள் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்து, "தண்ணிய மாத்திருங்க அண்ணே" என்றான். அவ்வளவுதான். புதிய சென்சரை என் கையில் தந்து, "நீங்களே மாட்டுங்க, ஒங்க வீட்டு வண்டி" என்றான். துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனான்.

மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். முதல் தரத்திலேயே பிடித்து, சத்தம் உயர்ந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, சீராக நின்றது. மனைவி வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவளுடைய முகம் மலர்ந்தது. அவள் பார்த்தது அவனை.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவனை நான் மன்னித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு நாள் கோபித்துவிட்டு, மூன்றாம் நாள் அவனுடைய கொட்டகையில் போய்த் தேத்தண்ணி குடித்திருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனதுதான் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. அவனை ஒழுங்கையில் கண்டால் நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கி, "அண்ணே, வண்டி எப்பிடி?" என்பான். எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

நாலைந்து மாதம் கழிந்திருக்கும். நெல்லு மில்லுக்காரர் டிரக்டரோடு என் கராஜுக்கு வந்தார். வேலை முடிந்த பிறகும் போகாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"தம்பி, அந்தப் பொடியன் பக்கத்துத் துண்டையும் கேக்கிறான். சீமெந்து போட்டு, நிரந்தரமாச் செய்யப் போறானாம். நீர் தொழில்காரன், உமக்குத்தானே தெரியும். ஆள் எப்பிடி?"

"கெட்டிக்காரன்" என்றேன். அது வாயில் வர எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு, கேட்காமலே, "ஆனா..." என்றேன்.

"என்ன ஆனா?"

"ஒண்டுமில்லை ஐயா. மற்றவையின்ர கதை எங்களுக்கு ஏன்?"

மில்லுக்காரர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார். "ம்" என்றார். அந்த 'ஆனா'வுக்குள் அவர் எதை வைத்துப் பார்த்தாரோ எனக்குத் தெரியாது. நான் எதை வைத்தேன் என்று தெரியும்: என் மனைவி அவனைப் பார்த்த பார்வை, எங்கள் அப்பாவின் முற்றம், லாச்சிக்குள் கிடந்த சென்சர். களவு, பொய் என்று அவன்மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது தேவையும் இல்லை.

அடுத்த மாதம் மில்லுக்காரருக்கு நெல்லு டிரக்டர் நிறுத்த அந்தக் காணி தேவைப்பட்டுவிட்டது. அவன் தகரங்களைக் கழற்றினான். வவுனியாவில் ஒரு பெரிய கராஜில் வேலை கிடைத்தது, மனுசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்றார்கள். போகிற அன்று, எப்போதோ என்னிடம் இரவல் வாங்கிய ஒரு நட்டுச் சாவியைத் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து தந்தான்.

"ஒங்ககிட்ட கேட்டுத்தான் முடிவு சொல்லுவேன்னு பெரியவர் சொன்னாரு அண்ணே" என்றான். "பரவாயில்ல, அவருக்கும் எடம் வேணும்ல."

கையை நீட்டினான். நானும் கொடுத்தேன். அவன் உடனே விடவில்லை.

"என்னண்ணே, கை இப்பிடிச் சுடுது? காய்ச்சலா?"

"இல்லை" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சூடான வாகனத்தின் பொனட்டை மூடும்போதும் இப்படித்தான் தலையாட்டுவான்.

அன்று பின்னேரம் மனைவி வேலையால் வந்து காரை முற்றத்தில் நிறுத்தினாள். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் கீழே விட்டாள்.

"மில்லுக்கார ஐயாவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"கார் பார்க்க வந்த அண்டைக்கு அவரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

"என்னத்தை?"

"கிணத்துத் தண்ணியை. துடைச்ச துணியை மடிச்சுக் கொடியில போட்டிட்டுப் போனவர். ஒவ்வொரு கிழமையும் கேத்தில் சுரண்டுறவள் நான், அது என்னெண்டு எனக்குத் தெரியாதே? உங்களுக்கு வெக்கமாப் போகக் கூடாதெண்டு அந்த மனுசன் வாயை மூடினவர். நானும் மூடினனான். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு வழமைபோல வைத்தாள், வழமைபோலக் கறி நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் விடிய நான் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வெளியில் கார் ஸ்டார்ட் ஆனது. முதல் தரத்திலேயே பிடித்தது. சத்தம் உயர்ந்தது, மெல்ல மெல்ல இறங்கியது, சீராக நின்றது. ஒரு குறை சொல்ல ஏலாது. நான் வாசலுக்கு ஓடிவந்தபோது அவள் காரை விட்டு இறங்கி, தன் கையாலேயே படலையைத் திறந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்கும் அவள்தான் திறக்கிறாள்.